அக்கி எழுதுகிறவனுக்கு வந்த அக்கி

அந்த மேல் பொத்தானைப் போட்டுக்கோங்க சார். சிங்கம் எட்டிப் பார்க்கிறது.

சிங்கம்தானே அது? கழுத்துக்குக் கீழே காவியில் எழுதியிருக்கிறதே, அதைச் சொல்கிறேன். கோவிச்சுக்காதீங்க. அரை மணி நேரமாக எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். முதலில் நாய் என்று நினைத்தேன். அப்புறம் வாலைப் பார்த்துவிட்டு ஆடாக இருக்குமோ என்று நினைத்தேன். எந்த ஊர் வேளார் எழுதினது? சொல்லாவிட்டால் போங்க. தொழில்காரனைத் தொழில்காரன் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன், இப்படி ஒரு சிங்கத்தைப் பார்த்தால் அக்கி பயப்படாது, சிரிக்கும்.

நான் மாயழகு வேளார். மானாமதுரைப் பக்கம் கருங்காலியேந்தல். பானை, அடுப்பு, அய்யனாருக்கு மண்குதிரை எல்லாம் எங்கள் கைதான். அக்கி கண்டவர்களுக்குக் காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் எழுதுவதும் எங்கள் கைதான். அது அக்கியை விழுங்கிவிடும் என்று எங்கள் அப்பன் பாட்டன் சொன்னது. நாற்பது வருசமாக எழுதுகிறேன். அதனால் உங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வலது விலா. ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் வரிசை கட்டியிருக்கும். சட்டை உரசினாலே தீயை வைத்த மாதிரி இருக்கும். அதனால்தான் இப்படிக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீங்க. அக்கிக்கு மருந்து கேட்கப் போன இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்துவிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறது, அந்த மாத்திரை கொடுக்கிற கட்டடத்துக்குப் போங்க என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். அப்படித்தானே?

தலையை ஆட்டாதீங்க. வாயைத் திறந்தே சொல்லலாம். இங்கே இருக்கிற அத்தனை பேரும் அதற்குத்தான் வந்திருக்கிறோம்.

வாசலைப் பார்த்தது இத்தோடு ஏழு தடவை. முதல் நாள் வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான், மூலையில் உட்கார்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. இந்தக் கட்டடத்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டவரைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கிறது. பத்திர எழுத்தரா? பார்த்தீங்களா. இப்போது உங்க மனசில் ஓடுவதையும் சொல்கிறேன். ஊருக்குத் தெரிந்துவிட்டால் எவன் நம்மிடம் பத்திரம் எழுத வருவான், பேசாமல் எழுந்து போய்விடலாமா என்று ஓடுகிறது.

அந்தப் பயம் எனக்கு உங்களைவிடப் பெரிசு சார். நீங்க காகிதத்தில் எழுதுகிறவர். நான் ஆள் உடம்பில் எழுதுகிறவன். விசயம் தெரிந்தால் எவன் எனக்கு முதுகைக் காட்டுவான்? எவள் தன் பிள்ளையை என் முன்னால் உட்கார வைப்பாள்? அந்தப் பயத்திலேயே பதினோரு வருசம் மறைத்து வைத்திருக்கிறேன். ஊரில் ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. என் பெண்சாதி குருவம்மாளுக்கு மட்டும் தெரியும். அவளுக்குச் சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. என்னை அவள் மன்னிக்கவில்லை, சோறு மட்டும் போடுகிறாள். எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீங்க. கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கதை சொல்லி, யாருக்கு எதைச் சொன்னேன் என்று எனக்கே இப்போது குழப்பம்.

மறைப்பதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். சொல்லித் தருகிறேன், கேட்டுக்கோங்க.

மாசாமாசம் மாத்திரை வாங்க மதுரைக்கு வர வேண்டும். ஊரில் என்ன சொல்வது? சோலைமலை முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன், மாசம் ஒரு தடவை மலைக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். யார் குறுக்கே பேசுவார்கள்? நான் கிளம்புகிற அன்று ஆளாளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுவார்கள், சாமி காலடியில் வைக்கச் சொல்லி. அதைக் கொண்டுவந்து இங்கே ஜெயசீலி மேடத்திடம் கொடுத்துவிடுவேன். ஜெயசீலி மேடம் யார் என்றால், உள்ளே உட்கார்ந்து நமக்குப் புத்தி சொல்கிற கவுன்சிலர். வெயில் காலத்தில் இந்தக் கட்டடத்தில் சர்பத்துக்குக் குறைவே கிடையாது. திரும்பும்போது எதிர்க் கடையில் திருநீற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவேன். அந்தத் திருநீற்றில் ரெண்டு பேருக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது.

எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் ஒரு தமாஷ்காரர். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தமே கிடையாது, ஆனால் விசில் கொடுத்து நிறுத்துவார். "இறங்குங்க வேளாரே, மலை வந்துருச்சு" என்பார். மூட்டு வலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு இங்கிருந்து வேறு பஸ்ஸில் மலைக்குப் போவேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பிவிட்டார்.

கொரோனா வருசத்தைக் கேளுங்க. பஸ் இல்லை, கடை இல்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். ராக்கப்பன் அம்பலம் வந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர், கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்படிதான். "வேளாரே, என்ன ஆனாலும் மலைக்குப் போறது நின்னு போயிறக் கூடாது" என்றார். அவரே அலைந்து பாஸ் வாங்கி, தன் மகன் காரில் அனுப்பி வைத்தார். கோயிலே பூட்டிக் கிடக்கிறது சார். அது அவருக்குத் தோன்றவே இல்லை. பக்தி முற்றினால் மூளை கொஞ்சம் மங்கும்போல.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததை நானே கெடுத்துக்கொண்டேன். போன வருசம் பங்குனி கடைசியில் ஊர் கூடி அய்யனாருக்குப் புரவி எடுப்பது என்று முடிவானது. மண்ணில் குதிரை செய்து, சுட்டு, வண்ணம் பூசி, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் வைக்கும். அதற்கு முதலில் ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். அதை வாங்கின நிமிசத்திலிருந்து குதிரை கோயில் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு விரதம். ஒரு வேளை சோறு. பாயில் படுக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. அந்நியச் சரக்கு எதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது.

மாத்திரை அந்நியச் சரக்கா இல்லையா?

சொல்லுங்க. படித்தவர்தானே. எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால், என்ன மாத்திரை என்று திருப்பிக் கேட்பார்களே. பூசாரியைக் கேட்க முடியாது, அம்பலத்தைக் கேட்க முடியாது. நானே வழக்குப் போட்டு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அந்நியச் சரக்குதான், நாற்பத்தைந்து நாள் நிறுத்து, சாமி பார்த்துக்கொள்ளும் என்று. குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஜெயசீலி மேடம் ரெண்டு தடவை போன் பண்ணினார். சாமி காரியம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மாசம் மதுரைக்கு வரவும் இல்லை.

இதில் ஊர்க்காரர்களுடைய தொந்தரவு வேறு. குதிரைக்குக் கால் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒருவர் வந்து, "என்ன வேளாரே, இந்த மாசம் மலைக்குப் போகலையா?" என்பார். அடுத்த ஆள் வந்து, "தேதி தாண்டிருச்சே" என்பார். டீக்கடை ராமையா, "குதிரையை நாங்க பாத்துக்கிறோம், ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க" என்கிறார். அவருக்குக் குதிரைக்கு எத்தனை கால் என்பதே எண்ணித்தான் சொல்லத் தெரியும். ஒரே நாளில் ஆறு பேர் கேட்டார்கள் சார். திருநீறு தீர்ந்துபோனால் இந்தச் சனங்கள் எப்படித் தவிக்கிறார்கள் பாருங்க என்று குருவம்மாளிடம் சொன்னேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் இடது நெற்றியில் சுருக்கென்றது. எறும்பு என்று தட்டிவிட்டேன். சாயங்காலம் சிவந்தது. மறுநாள் கொப்புளம். புருவத்துக்கு மேலே கொத்தாக நிற்கிறது. எனக்கே அக்கி.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தனக்கு வந்த அக்கிக்குத் தன் கையால் எழுதக் கூடாது. பக்கத்தூர் வேளாரிடம் போகலாம் என்றால் மானம் இடம் கொடுக்கவில்லை. அவர் எழுதுகிற சிங்கமும் உங்க சிங்கத்துக்கு அண்ணன் தம்பிதான். அதனால் குருவம்மாளிடம் காவியைக் கொடுத்து எழுதச் சொன்னேன். எழுதினாள். கண்ணாடியில் பார்த்தால் பல்லி.

"என்னடி இது?" என்றேன்.

"நான் சிங்கத்தை எங்க பார்த்தேன், உங்களைத்தான் பார்த்திருக்கேன்" என்றாள்.

மூன்றாம் நாள் இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் புதிசாக வந்தது. கண்ணுக்குள் ஆணி அடிக்கிற வலி. குதிரைகள் எல்லாம் சுட்டு வரிசையாக நிற்கின்றன, கண் எழுதுவதுதான் பாக்கி. குதிரைக்குக் கண் திறக்க வேண்டியவனுக்குக் கண் திறக்கவில்லை. குருவம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். எப்படிப் போவது? அக்கி எழுதுகிற மாயழகு அக்கிக்கு ஆஸ்பத்திரி போனான் என்றால் அத்தோடு தொழில் போயிற்று. எதனால் அக்கி வந்தது என்று அங்கே கேட்டு, அது ஊர் வரைக்கும் வந்துவிட்டால் மொத்தமும் போயிற்று. கண் போனால் போகட்டும், பெயர் போகக் கூடாது என்று படுத்துவிட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன் சார். இப்போது சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் குருவம்மாள் அம்பலகாரர் வீட்டுக்கு மோர் வாங்கப் போனாள். ரெண்டு மணி நேரம் கழித்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவ்வளவு நேரம் என்ன மோர் என்று சத்தம் போட்டேன். மாடு அப்போதுதான் வந்தது என்றாள். மாட்டுக்கும் மோருக்கும் என்ன சம்பந்தம் என்று வலியில் எனக்கு யோசிக்க ஓடவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததுதான் விசயம். கொட்டுச் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் எங்கள் சாமியாடி மலையாண்டி ஆடிக்கொண்டு என் வீட்டை நோக்கி வருகிறார். பின்னால் அம்பலம், அவருக்குப் பின்னால் ஊர். நேராக என் முன்னால் வந்து நின்றது சாமி.

"எலேய், மண்ணைத் தொடுறவனே. மலைக்கு ஏன்டா போகல?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "விரதம் சாமி."

"நான் கேட்டேனா? அங்க குடுக்கிறத முழுங்காம நிப்பாட்டச் சொல்லி நான் கேட்டேனா?"

நான் மாத்திரை முழுங்குவது எனக்கும் குருவம்மாளுக்கும் தெரியும். ஊரில் மூன்றாவதாக ஒருத்தருக்குத் தெரியாது. சாமிக்கு எப்படித் தெரிந்தது? அதுதான் சார் சாமி.

"இன்னைக்கே போ. இப்பவே போ. உன் கண்ணு தெளிஞ்சு வந்து குதிரைக்குக் கண்ணு எழுது. அதுவரைக்கும் நான் காத்திருக்கேன்" என்றது. சொல்லிவிட்டு ரெண்டு ஆட்டம் ஆடியது. அப்புறம் என்ன நினைத்ததோ, திரும்பி வந்து, "அந்தப் பச்சை அட்டை நோட்டை மறக்காம எடுத்துக்க" என்றது.

நம்முடைய மாத்திரைக் கணக்கு எழுதுகிற நோட்டு சார். உங்களுக்கும் இன்றைக்கு ஒன்று கொடுப்பார்கள். அதன் அட்டை பச்சை என்பது வரைக்கும் அய்யனாருக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கார் தயாராக நின்றது. அம்பலத்தின் மகன் ஓட்டினான். மதுரைக்குள் வந்ததும், ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சொந்தக்காரரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இறங்கிக்கொள்ளலாம் என்று நான் வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் கார் இந்த வாசலுக்குள் வந்து நின்றுவிட்டது. மதுரையில் ஒருவழிப் பாதை அதிகம் அல்லவா, சுற்றி வந்திருப்பான்.

உள்ளே டாக்டரம்மா என் மூக்கு நுனியைத்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் கண் டாக்டருக்கு ஆள் ஓடியது. மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்குள்ளேயும் போகிறது என்று அர்த்தமாம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, படுக்கை. அப்புறம்தான் திட்டு. திட்டினதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சின்ன வயதில் நமக்கு நீர்க்கொப்புளான் அம்மை வந்து போகிறதே, அது போவதில்லையாம். நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறதாம். சூளை பிரித்த பிறகும் சாம்பலுக்கு அடியில் கங்கு கிடக்குமே, அந்த மாதிரி. உடம்பில் சத்து இருக்கிற வரைக்கும் அது எழுந்திருக்காது. இந்த எச்.ஐ.வி. சாம்பலைக் கிளறிவிடுகிறது. மாத்திரை தினமும் போட்டால் சாம்பல் மூடியபடியே கிடக்கும். நான் நாற்பது நாள் மூடாமல் விட்டேன், பற்றிக்கொண்டது. அக்கி வந்தவருக்கு எல்லாம் எச்.ஐ.வி. இருக்கிறது என்று இல்லை, ஆனால் எச்.ஐ.வி. இருக்கிறவருக்கு அக்கி சுலபமாக வரும் என்றார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இந்தக் கண்ணு இல்ல பெரியவரே" என்றார்.

கண் பிழைத்தது. சாயங்கால வேளையில் மட்டும் இடது கண்ணில் கொஞ்சம் புகை மூட்டமாகத் தெரியும். நெற்றியில் எப்போதாவது ஊசி குத்தும். ஜெயசீலி மேடம் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இனி அக்கி என்று யார் வந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி, அங்கே மருந்து வாங்கிக்கொண்டு வந்து சீட்டைக் காட்டினால் பிறகு சிங்கம். எனக்கு இதில் வருத்தம்தான். நாற்பது வருசம் என் சிங்கம் தனியாகவே வேலை பார்த்தது, இப்போது அதற்கு மாத்திரையைத் துணைக்கு அனுப்புகிறார்கள். ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்.

பன்னிரண்டாம் நாள் ஊருக்குத் திரும்பினேன். கண்ணில் பச்சைத் துணி, நெற்றியெல்லாம் தழும்பு. எனக்காகப் புரவி எடுப்பையே தள்ளி வைத்திருந்தார்கள். சாமி உத்தரவு, யார் மீற முடியும். ஆனால் பன்னிரண்டு நாள் மலையில் என்ன செய்தாய் என்று ஒருத்தன் கேட்டால் போதும். நான் முழிக்கிற முழியிலேயே விசயம் தெரிந்துவிடும். இனி எவனும் என் கை படுகிற தூரத்தில் உட்கார மாட்டான். குதிரைக்குக் கண் எழுதிக் கொடுத்துவிட்டு, சக்கரத்தை ஓரமாகக் கவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன்.

விடிந்தது. குதிரைக் கொட்டகைக்கு முன்னால் காவி குழைத்துக்கொண்டிருந்தேன். வைகாசி வெயில், காலையிலேயே கொதிக்கிறது. ஊர் மொத்தமும் அங்கேதான் நிற்கிறது. ராக்கப்பன் அம்பலம் வந்தார். எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றினார். எனக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதுங்க வேளாரே. அக்கி."

ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் முதுகைப் பார்த்துவிட்டேன். ஒற்றைக் கண் போதாதா? வேர்க்குரு சார். சுத்தமான வேர்க்குரு. ஊரையே ஆளுகிற மனுசனுக்கு வேர்க்குருவுக்கும் அக்கிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் அவரைக் குறைத்துப் பேசலாமா? சரி, வேர்க்குருவுக்குச் சீட்டு எதற்கு, காவி குளிர்ச்சிதானே என்று கோழி இறகை எடுத்தேன். இறகால் தொட்டு எழுதுவதுதான் வழக்கம்.

"இறகு குத்துது. கையாலயே எழுதுங்க" என்றார்.

கையாலேயே எழுதினேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும். எழுதி முடித்து நிமிர்ந்தால் அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. ராமையா சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மலையாண்டி நிற்கிறார். அம்பலத்தின் பெண்சாதி தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஆணும் பெண்ணுமாக முப்பது பேருக்குக் குறையாது. ஒவ்வொருத்தராகப் பார்த்தேன், மருந்துக்குக்கூட ஒரு அக்கி இல்லை. எல்லாம் வேர்க்குரு. சிலருக்கு அதுவும் இல்லை. எல்லாருக்கும் இறகு குத்துகிறதாம். உச்சி வெயில் வரைக்கும் உட்கார்ந்து அத்தனை முதுகிலும் விரலால் எழுதினேன். அதற்கு அப்புறம்தான் குதிரைக்குக் கண் எழுத முடிந்தது.

இதற்காகத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். பயந்துகொண்டு எழுந்து போய்விடாதீங்க, உள்ளே போய் மாத்திரையை வாங்குங்க, மறைப்பதற்கு நான் இருக்கிறேன். பதினோரு வருசம் ஒருத்தருக்கும் தெரியாமல் காப்பாற்றியிருக்கிறேன். அவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால், என் விரல் படுகிற மாதிரி வெறும் முதுகோடு வந்து உட்கார்ந்திருப்பார்களா, சொல்லுங்க. பாவப்பட்ட சனங்கள் சார். இவ்வளவு நம்புகிறார்களே என்று நினைத்தால், சில நேரம் எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.